கரும்பலகைக்குப் போகும் வழி: உயர்நிலைப் பள்ளிக் கணிதமும் நம் பிள்ளைகளும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளை ஒட்டி நடக்கும் இந்தச் சொற்பொழிவில் வழக்கமாகக் கவிதை பற்றியோ, தன்வரலாறு பற்றியோ, நம் மக்களின் வாய்மொழி வழக்காறு பற்றியோ பேசுவோம். இந்த ஆண்டு பள்ளிக் கணக்கைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் நம் நண்பர்களே கேட்டார்கள்: 'இலக்கிய மன்றத்துல கணக்குக்கு என்ன வேலை?' நியாயமான கேள்விதான். தலித் தன்வரலாறு எதை எடுத்துப் படித்தாலும் அதில் பள்ளிக்கூடம் வருகிறது; எங்கே உட்கார வைத்தார்கள், எதற்கு அடித்தார்கள், எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் வருகிறது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் எந்தப் பாடம் நம்மை உள்ளே விட்டது, எந்தப் பாடம் வெளியே நிறுத்தியது என்பதை மட்டும் நாம் அதிகம் எழுதவில்லை. அதைப் பேசத்தான் இந்த உரை.

நாம் சொல்ல வருவது இதுதான். நம் பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் போகும் வழியில் இன்று நிற்கும் மிகக் குறுகலான வாசல் பள்ளிக் கணிதம். அந்த வாசல் பதினொன்றாம் வகுப்பில் இருப்பதுபோலத் தெரிகிறது. உண்மையில் அது ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே, இயற்கணிதப் பாடம் தொடங்கும் இடத்திலேயே அடைபட்டுவிடுகிறது.

1. ஜூன் மாதத்தில் நடப்பது

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதம்தான் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையும் நடக்கும் மாதம். தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது உழைப்பு மாதம். சீசன் கடை, சமையல்கூடம், வண்டி நிறுத்துமிடம், விடுதி வேலை என்று பெரியவர்கள் விடியலில் போனால் இரவில்தான் திரும்புவார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பல வீடுகளில் தனியாகவே பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. எந்தக் குரூப் என்பது அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. 'கணக்குல எவ்வளவு? 41-ஆ? உனக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாம், கஷ்டப்படுவ' என்று ஒருவர் சொல்வார். அக்கறையில் சொல்பவரும் உண்டு. முகத்தைப் பார்த்துச் சொல்பவரும் உண்டு.

அந்த அரைமணி நேரத்தில் என்னென்ன மூடுகிறது என்று பார்ப்போம். முதல் குரூப் என்பது கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்த பிரிவு. பொறியியல் படிப்பின் பொதுப் பிரிவுக்கு மேல்நிலையில் கணிதம் வேண்டும். பி.எஸ்சி. கணிதம், இயற்பியல், புள்ளியியல், கட்டடக்கலை போன்ற படிப்புகளுக்கும் பொதுவாகக் கணிதம் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கான மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தரவரிசையில் சரிபாதி கணிதத்தின் கையில் இருக்கிறது.

கலைப் படிப்பு தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. இந்த அவையில் இருப்பவர்களில் பாதிப்பேர் தமிழும் வரலாறும் படித்தவர்கள். விரும்பி வரலாறு எடுப்பது வேறு. கணக்கு அடைபட்டதால் மிச்சமிருந்ததை எடுப்பது வேறு. முதலாவதுதான் தேர்வு.

2. நகர்ந்துகொண்டே வந்த வாசல்

ஒரு காலத்தில் வாசல் என்பது பள்ளிக்கூடத்தின் வாசலாகவே இருந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த ஊர். அந்தத் திருவிதாங்கூரில்தான் அய்யங்காளி 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, வயலில் இறங்க மாட்டோம் என்று உழைப்பாளிகளை நிறுத்திவைத்தார். கூலிக்காக மட்டுமின்றிப் பள்ளிக்கூடத்துக்காகவும் நடந்த வேலைநிறுத்தம் அது. ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து அவர் பள்ளிக்குள் அழைத்துப்போனபோது ஆதிக்கச் சாதியினர் அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். இந்தப் பக்கம், சென்னையில், ஆல்காட் 1894-இல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

கதவு திறந்த பிறகு வாசல் உள்ளே நகர்ந்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பாதி நாள் படிப்பு, மீதி நாள் வீட்டுத் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர்பெற்று, கடும் எதிர்ப்புக்குப் பின் 1954-இல் அது போயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. பதினொரு வகுப்பாக இருந்த காலத்தில் காம்போசிட் மேத்ஸ், ஜெனரல் மேத்ஸ் என்று இரண்டு கணக்கு இருந்ததை நம் பெரியவர்கள் சொல்வார்கள். முன்னதில் இயற்கணிதமும் வடிவியலும் நிறைய. பின்னதில் அன்றாடக் கணக்கு. கல்லூரியில் கணக்கு, விஞ்ஞானம் படிக்க முன்னது வேண்டும். எது எதற்கு வழி என்பதை வீட்டில் சொல்ல ஆளில்லாத பிள்ளை எளிதானதை எடுத்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது வாசல் குரூப் என்ற பெயருக்கு மாறியது. 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தால் அது நீக்கப்பட்டது.

ஒவ்வொரு முறையும் போராடி ஒரு வாசலைத் திறந்திருக்கிறோம். இப்போது எஞ்சியிருக்கும் வாசலில் காவலாளி இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை. அது பாடப்புத்தகத்துக்குள் இருக்கிறது. அதனால்தான் அது சாதியாகத் தெரியாமல் 'அவனுக்குக் கணக்கு வராது' என்று பிள்ளையின் குறையாகத் தெரிகிறது.

கணக்குக்கும் சாதிக்கும் உள்ள உறவு நம் கிராம நிர்வாகத்திலேயே இருந்தது. நிலம் அளக்கும்போது சங்கிலியைப் பிடித்து வெயிலில் நடந்தவர் வெட்டியான். அளவை ஏட்டில் எழுதியவர் கணக்குப்பிள்ளை. ஒரே அளவைதான். ஒருவருக்கு அது உடலுழைப்பு, மற்றவருக்கு அதிகாரம். பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை 1980-இல்தான் ஒழிந்தது. இன்று கிராம நிர்வாக அலுவலர் பணிக்குத் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுத வேண்டும். அதன் 200 வினாக்களில் 25 திறனறிவுக் கணக்கு, பள்ளிக் கணக்குதான். எழுதுபவர்களில் பலர் அந்த 25-ஐத் தொடாமலே விடுகிறார்கள். ஒரு மதிப்பெண்ணில் வேலை தவறும் தேர்வில், ஏட்டைக் கையில் வாங்கும் இடத்தில் மறுபடியும் கணக்கு வந்து நிற்கிறது.

3. 35 வாங்கும் வித்தை

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் எப்படி அமைந்திருக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும், 20 மதிப்பெண். ஐந்து மதிப்பெண் வினா 10, அதற்கு 50. எட்டு மதிப்பெண் வினா இரண்டு, அதற்கு 16. ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். மொத்தம் 100. தேர்ச்சிக்கு 35.

ஜனவரி, பிப்ரவரி வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். அவர்களுக்கு மெலிந்த ஒரு கையேடு வருகிறது. வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் படிகளை மனப்பாடம் செய், 8. வரைபடத்தின் அட்டவணையை மனப்பாடம் செய், 8. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுது, 14-இல் 10 வரும். இரண்டு மதிப்பெண்ணில் நேரடிச் சூத்திரக் கணக்கு ஐந்து, 10. ஆக 36. தேர்ச்சி.

இப்படிச் செய்யும் ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டோம். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் அவர்களைத்தான் கேள்வி கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளை செங்கல் சூளைக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்விடும் என்ற பயமும் நியாயமானது. ஆனால் இந்த 36 எதைத் தருகிறது, எதை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் உட்காரும் உரிமையைத் தருகிறது. அங்கே கணிதம் எடுக்கும் வலிமையை எடுத்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடம் கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள், அடுத்தது அடிப்படை இயற்கணிதம், பிறகு முக்கோணவியல். மூன்றும் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்தது கையில் இருக்கிறது என்று எண்ணித் தொடங்குபவை. கையேட்டில் ஏறி வந்த பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே தரை நழுவுகிறது. மெல்லக் கற்போர் பட்டியலில் யார் பெயர் அதிகம் என்று எந்தப் பள்ளியிலும் சாதிவாரியாக எழுதி ஒட்டுவதில்லை. அந்தப் பட்டியல் உள்ள பள்ளிகளில் படித்த நமக்குத் தெரியும்.

4. மூன்று முடிச்சுகள்

இயற்கணிதம் கடினம் என்கிறோம். எங்கே கடினம்? நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் சிக்குகிறது. மூன்றும் பத்தாம் வகுப்புக்கு வெகு முன்னால் இருப்பவை.

முதல் முடிச்சு குறை எண். ஐந்திலிருந்து எட்டைக் கழிக்க முடியாது என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பிறகு ஒரு நாள் கழிக்கலாம், விடை குறை மூன்று என்கிறோம். இடையில் நடந்தது என்ன என்று சொல்வதில்லை. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலை எடுத்துக்கொள்வோம். தென்காசி நிலையத்தைச் சுழியம் என்று வைப்போம். சில நிறுத்தங்களை மட்டும் எண்ணிக்கொள்வோம்: திருநெல்வேலிப் பக்கம் பாவூர்சத்திரம் ஒன்று, கீழக்கடையம் இரண்டு. மறுபக்கம் செங்கோட்டை குறை ஒன்று. கீழக்கடையத்தில் ஏறி செங்கோட்டையில் இறங்கினால் எத்தனை நிறுத்தம் நகர்ந்தோம்? மூன்று. எந்தப் பக்கம்? குறைப் பக்கம். ஆகவே குறை மூன்று. 'எத்தனை' என்று மட்டும் கேட்ட கணக்கு, இப்போது 'எந்தப் பக்கம்' என்றும் கேட்கிறது. இந்த இரண்டாவது கேள்வி புரிந்த பிள்ளைக்குக் குறை எண் பயம் போய்விடும்.

இரண்டாவது முடிச்சு சமக்குறி. ஐந்து ஆண்டுகளாக அந்தக் குறி 'இனி விடையை எழுது' என்ற கட்டளையாகவே பிள்ளைக்குப் பழக்கம். சமன்பாட்டில் அது கட்டளை இல்லை, தராசின் முள். இரண்டு தட்டும் சமமாக நிற்கிறது என்ற செய்தி. ஒரு தட்டிலிருந்து எடுத்தால் மறு தட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற சூத்திரத்தைக் காரணம் இல்லாமல் மனப்பாடம் செய்த பிள்ளை, எது போகிறது, ஏன் மாறுகிறது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் மாற்றிவைக்கும்.

மூன்றாவது முடிச்சு எக்ஸ். எழுத்துக்குக் கணக்கில் என்ன வேலை என்று பிள்ளை திகைக்கிறது. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கு இதை இப்படிச் சொல்லலாம். ஆயிரம் பீடிக்குக் கூலி 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த இலை போதாமல் அம்மா 150 ரூபாய்க்கு வெளியில் இலை வாங்கினாள். வாரக் கடைசியில் கையில் நின்றது 850. அவள் எத்தனை ஆயிரம் சுற்றினாள்? அம்மா பேனா இல்லாமல் சொல்வாள்: '850-ஓட இலைக்காசு 150-ஐச் சேத்தா ஆயிரம். ஆயிரத்துல எத்தன 250? நாலு.' அவள் செய்தது இயற்கணிதம். புத்தகம் இதையே 250 எக்ஸ் கழித்தல் 150 சமம் 850 என்று எழுதுகிறது. தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, தெரிந்தது போலவே அதை நடத்துவதுதான் எக்ஸ். அம்மா தலைகீழாக நடந்து வந்த வழியைப் புத்தகம் நேராக எழுதிக் காட்டுகிறது. வீட்டில் இருக்கும் அறிவுக்கும் தாளில் இருக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்குக் காசு கொடுத்து அந்தப் பாலம் கட்டப்படுகிறது.

5. கோபுரத்தை வெளியில் நின்று அளப்பது

வடிவியலுக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலின் இராஜகோபுரம் சுமார் 180 அடி. நம் முன்னோர் அதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள். திருவிதாங்கூரில் 1936-இலும் சென்னை மாகாணத்தில் 1939-இலும் கோயில் நுழைவுக்கு வழி பிறந்த பிறகும், சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் ஒன்றைச் சொல்கிறது: கோபுரத்தின் அடிக்குப் போகாமலே அதன் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு பாகைமானி, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய உறிஞ்சுகுழல், நடுப்புள்ளியில் கட்டித் தொங்கவிட்ட நூலும் கல்லும் போதும். குழல் வழியாகக் கோபுர உச்சியைப் பார்த்தால், பாகைமானியின் 90 பாகைக் கோட்டிலிருந்து நூல் எத்தனை பாகை விலகி நிற்கிறதோ அதுதான் ஏற்றக்கோணம். 30 பாகை தெரியும் இடத்தில் நின்று ஓர் அடையாளம் இடுங்கள். கோபுரத்தை நோக்கி நேராக நடந்து, 60 பாகை தெரியும் இடத்தில் நில்லுங்கள். நடந்த தூரத்தை அளங்கள்; 202 அடி என்று வைத்துக்கொள்வோம். உச்சி, முதல் இடம், இரண்டாம் இடம் மூன்றையும் சேர்த்தால் வரும் முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் 30 பாகை. ஆகவே அதற்கு எதிரான இரண்டு பக்கங்களும் சமம். இரண்டாம் இடத்திலிருந்து உச்சிக்குள்ள சாய்வு தூரமும் 202 அடிதான். 60 பாகையின் சைன் மதிப்பு 0.866. பெருக்கினால் ஏறத்தாழ 175. அளப்பவரின் கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது. அதையும் கூட்டினால் 180.

இதில் நாம் கவனிக்க வேண்டியது விடையை மட்டும் அல்ல. ஒவ்வொரு படியிலும் 'ஏன்?' என்று கேட்டு, காரணம் சொல்லித்தான் அடுத்த படிக்குப் போனோம். வடிவியல் பாடத்தில் நிரூபணத்தைக் 'கூற்று', 'காரணம்' என்று இரண்டு பத்தியாக எழுதச் சொல்கிறார்கள். பெரியவர் சொன்னார், சாஸ்திரம் சொன்னது என்று காரணப் பத்தியில் எழுத முடியாது. சொல்பவர் யார் என்று பார்க்காமல், சொன்னதற்குக் காரணம் உண்டா என்று மட்டும் பார்க்கும் பாடம் அது. சாதியைப் பற்றி அண்ணல் கேட்ட கேள்வியும் அந்த வகையானதே. தேல்ஸ் தேற்றத்தைப் புரியாமல் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கலாம். காரணம் கேட்கும் பழக்கம் கிடைக்காது.

6. மிசிசிப்பியிலிருந்து ஒரு பாடம்

இந்தச் சிந்தனை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் கறுப்பின விடுதலைப் போராட்டத்தில் ராபர்ட் மோசஸ் என்று ஒருவர் இருந்தார். 1935-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர், கணக்கு ஆசிரியர். 1960-களின் தொடக்கத்தில் மிசிசிப்பிக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலையைச் செய்தார். அங்கே வாக்காளராகப் பதிய எழுத்தறிவுத் தேர்வு இருந்தது. அரசியல் சாசனத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா தவறா என்று வெள்ளை அதிகாரி முடிவு செய்வார். பள்ளியில் படிக்க விடாமல் வைத்துவிட்டு, படிக்காதவர் என்று வாக்கை மறுத்தார்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அதே மோசஸ் 1982-இல் 'அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். இயற்கணிதம் இல்லாமல் கல்லூரிக்கும் நல்ல வேலைக்கும் போக முடியாத காலம் வந்துவிட்டது. ஆகவே வாக்குரிமைபோல இயற்கணிதமும் ஓர் உரிமை என்றார். மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் பிள்ளைகளை ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போய், நிறுத்தங்களை வைத்துக் குறை எண்ணைக் கற்பித்தார். மேலே தென்காசி ரயிலை வைத்து நாம் சொன்னது அவருடைய வழிதான். முதலில் நிகழ்ச்சி, பிறகு படம், பிறகு பிள்ளையின் சொந்தப் பேச்சு, பிறகு ஒழுங்குபடுத்திய மொழி, கடைசியில்தான் குறியீடு. நம் வகுப்பறைகளில் கடைசிப் படியே முதல் படியாக இருக்கிறது.

அவருடைய இன்னொரு பாடம் முக்கியமானது. கறுப்பின மக்களுக்கு வாக்களிக்க ஆர்வம் இல்லை என்றுதான் மிசிசிப்பியில் சொல்லிவந்தார்கள். மக்களே எழுந்து வரிசையில் நின்றபோது அந்தப் பேச்சு நின்றது. அதுபோல 'இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கில் ஆர்வம் இல்லை' என்ற பேச்சும், பிள்ளைகளே எழுந்து கேட்டால்தான் நிற்கும் என்றார். மோசஸ் 2021-இல் மறைந்தார்.

நம் ஊரோடு வைத்துப் பார்க்கலாம். தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித் தொகுதி. சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித் தொகுதிகள். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நம் ஆள் போகிறார். நம் தெருப் பிள்ளை முதல் குரூப்புக்குப் போகிறதா என்பதையும் அதே அக்கறையோடு நாம் எண்ணியிருக்கிறோமா?

7. கரும்பலகை யாருடையது

தனஞ்சய் கீர் எழுதிய அம்பேத்கர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் சிறுவன் பீமை அழைத்து, கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னார். வகுப்பில் கூச்சல் எழுந்தது. சாதி இந்துப் பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கரும்பலகைக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்கள். பீம் போய்ச் சேருமுன் ஓடிப்போய்ப் பெட்டிகளை அப்புறப்படுத்தினார்கள்.

இதைத் தீண்டாமைக்குச் சான்றாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். கணக்கோடு சேர்த்தும் பார்க்கலாம். கரும்பலகை என்பது வகுப்பின் பொதுக்குளம். அங்கே நின்று, எல்லார் முன்னாலும் தப்பாகப் போட்டு, திருத்தி, மறுபடி போட்டுத்தான் கணக்கு வரும். அங்கே போகக் கூச்சப்படும் பிள்ளைக்கு, போனால் பின்னாலிருந்து ஒரு முனகலோ சிரிப்போ கேட்கும் என்று தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு வருவது கடினம். இன்று சாப்பாட்டுப் பெட்டி அங்கே இல்லை. கையில் வண்ணக் கயிறு இருக்கிறது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லி நம் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்ததை நாடே காணொலியில் பார்த்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தொந்தரவைப் பள்ளியில் சொன்ன மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. வகுப்பறை அச்சமற்ற இடமாகாமல் கணக்குப் பாடத்தை மட்டும் தனியாகச் சரிசெய்ய முடியாது.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. மேதை ராமானுஜன் கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் மற்றப் பாடங்களால் தோற்றார். அதை மேதைமையின் அடையாளமாகவே சொல்கிறோம். நம் பிள்ளை அரையாண்டுத் தேர்வில் ஒருமுறை தோற்றால் 'கணக்கு வராது' என்று முத்திரை விழுகிறது. அண்ணல் 1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறியபோது எடுத்த மதிப்பெண் 750-க்கு 282. அதை மட்டும் வைத்து யாராவது அன்று அவருக்குக் குரூப் ஒதுக்கியிருந்தால், 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய அந்தப் பொருளாதார நூலை உலகம் பார்த்திருக்காது.

8. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உரிமையைத் தெரிந்துகொள்வது. அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக் குரூப் ஒதுக்கீட்டுக்கும் இனச்சுழற்சி முறை உண்டு: பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இது பல பெற்றோருக்குத் தெரியாது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. குற்றாலத்திலேயே திருக்குற்றாலநாதர் கோயில் சார்பில் நடக்கும் பராசக்தி மகளிர் கல்லூரியில் கணிதம் படிக்கலாம். கோயிலுக்குள் விடப்படாத பாட்டிகளின் பேத்திகளுக்கு அது பக்கத்து ஊர்க் கல்லூரி. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பிறகு திறப்பவை. கணிதப் படிப்புக்கு அதற்கு முன்னால் முதல் குரூப் வேண்டும். அதற்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் வேண்டும்.

இரண்டாவது, மாலை வகுப்பு. பத்தாம் வகுப்புக்கு நடத்துவதோடு நில்லாமல், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு நடத்த வேண்டும். சமுதாய நலக்கூடத்தில் ஒரு கரும்பலகை, வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம். குறை எண், பின்னம், சமக்குறி, எக்ஸ் என்ற நான்கை மட்டும் அவசரமில்லாமல் எடுத்தால் போதும். மோசஸின் இயக்கத்தில் படித்த இளைஞர்கள் 1996-இல், பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அமைப்பைத் தொடங்கினார்கள். நம் தெருவிலும் முதல் குரூப் படிக்கும் ஒரு பெண் இருந்தால் அவளே ஆசிரியை. சொல்லிக்கொடுப்பவளுக்கும் அடித்தளம் பலமாகும். 'நம்ம அக்காவுக்குக் கணக்கு வருது' என்று கண்ணால் காணும் பிள்ளைக்கு வேறு அறிவுரை தேவைப்படாது.

மூன்றாவது, பள்ளியிடம் கேட்பது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் உட்கார வேண்டும். கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியா, இந்தப் பள்ளியில் முதல் குரூப் உண்டா, மெல்லக் கற்போர் பட்டியலில் எத்தனை பேர், அந்தப் பட்டியலிலிருந்து இந்த ஆண்டு எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நான்காவது, சேர்க்கை நாளில் துணைக்குப் போவது. வரும் ஜூனில், சீசன் வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகளோடு மன்றத்தின் சார்பில் ஒருவர் பள்ளிக்குப் போக வேண்டும். பிள்ளை விரும்பும் குரூப் கிடைக்கும் வரை அங்கே நிற்க வேண்டும். கணக்கில் 41 வாங்கிய பிள்ளை முதல் குரூப் கேட்டால், கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை அதோடு உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் அந்த வரிசையில் நிற்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கும் சேர்க்கைக்கும் இடையே கிடைப்பது இரண்டு மாதம். சாரல் தொடங்குமுன் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும். இந்த அவையிலிருந்து யார் யார் எந்தத் தெருவை எடுத்துக்கொள்வது என்பதை இன்றே எழுதிக்கொண்டு கலைவோம்.

ஜெய்பீம்.